"வாங்க!" என்று சொல்லப் பல் வேண்டும்

செட்டிநாட்டு வீடு ஒன்றுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போனதுண்டா? போயிருந்தால் அந்த ஒரு சொல்லை மறந்திருக்க மாட்டீர்கள். வாசலில் வண்டி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் முகப்பில் காலெடுத்து வைப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துவிடும்: "வாங்க, வாங்க!" காபி அதற்குப் பின்னால்தான் வரும். வெள்ளைப் பணியாரம் அதற்கும் பின்னால் வரும். "வாங்க" என்ற சொல் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தாக வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாத வீட்டில் பர்மாத் தேக்குத் தூண் எத்தனை இருந்து என்ன பயன்?

காரைக்குடியில் என் கல்லூரித் தோழி ஒருத்தியின் வீட்டுக்குச் சமீபத்தில் போயிருந்தேன். அவளுடைய அப்பத்தாவுக்கு வயது எழுபத்து நாலு. நாங்கள் மாணவிகளாக இருந்த காலத்தில், விடுமுறைக்கு ஐந்து பேர் கூட்டமாகப் போய் இறங்கினால், முகப்பில் நின்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி, "வாங்க ஆத்தா, வாங்க" என்று அழைத்தவர் அவர். இந்தத் தடவை முகப்பில் அவரைக் காணோம்.

"ஆச்சி எங்கே?" என்றேன்.

"இரண்டாங்கட்டில் இருக்காங்க. இப்பல்லாம் யார் வந்தாலும் வெளியே வர்றதில்லை" என்றாள் தோழி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

போய்ப் பார்த்தேன். ஆச்சி என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன. ஆள் பாதியாக இளைத்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தனியாக உட்கார்ந்து, கரைத்த ரசஞ்சாதத்தை விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறாராம். கேட்டால், "வயசாச்சுல்ல ஆத்தா, பசிக்கிறதில்லை" என்பதுதான் பதில்.

தோழி அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் சம்புடத்தை எடுத்து வந்து திறந்து காட்டினாள். உள்ளே, நகையைச் சுற்றி வைப்பது போலப் பஞ்சில் சுற்றி வைத்த ஒரு ஜோடிப் பல்செட்!

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கட்டினது. முதல் இரண்டு வருஷம் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் ஆட ஆரம்பிச்சது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எல்லார் முன்னாலும் கீழ்ச் செட்டு நழுவி இலையில் விழுந்துட்டுது. அன்றைக்குக் கழற்றி வைச்சவங்கதான். டாக்டர் நம்மை ஏமாத்திட்டார்னு இன்னமும் சொல்றாங்க" என்றாள்.

வாசகர்களே, டாக்டர் ஏமாற்றவில்லை. ஆச்சி பேரிலும் குற்றமில்லை. பல்செட்டைக் கையில் கொடுத்த அன்று அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை. பல்செட் என்பதை ஒரு முறை வாங்கினால் ஆயுளுக்கும் உழைக்கும் பித்தளை அண்டா என்று நினைத்துவிட்டார்கள். அதுவோ பழக வேண்டிய ஒன்று. பராமரிக்க வேண்டிய ஒன்று. வாய் மாற மாற அதையும் மாற்ற வேண்டிய ஒன்று. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு சம்புடம் இருக்கலாம். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பல் போனால் சொல்லும் போகும்

பல் விழுவது மூப்பின் அடையாளம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் வயது மட்டும் பல்லைத் தள்ளுவதில்லை. சொத்தையும் ஈறு நோயும்தான் பெரும்பாலான பற்களைக் கொண்டுபோகின்றன. புகையிலையும், கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதியும் ஈறு நோய்க்குக் கைலாகு கொடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் 20 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு ஒரு பல்லும் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 23 சதவீதம். அதாவது நூறு பாட்டி, தாத்தாக்களில் இருபத்து மூன்று பேருக்கு முழுப் பொக்கை வாய்!

பல் போனால் முறுக்கும் சீடையும் மட்டுந்தான் போகும் என்று எண்ணாதீர்கள். கீரைத் தண்டு, கொய்யாப்பழம், கடலை, சுண்டல், கறி என்று உடம்புக்கு வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக இலையை விட்டு விலகும். மிஞ்சுவது ரசஞ்சாதமும் காபியில் நனைத்த ரொட்டியுந்தான். வயசானதால் இளைக்கிறார்கள் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். அவர்களோ மெல்ல முடியாமல் இளைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, பேச்சு. தமிழ் எழுத்துக்கள் வாயில் எங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியம் எவ்வளவு நுட்பமாகச் சொல்லியிருக்கிறது தெரியுமா? நாவின் நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால்தான் 'த'வும் 'ந'வும் பிறக்கும். மேல்பல் கீழிதழைத் தொட்டால்தான் 'வ' பிறக்கும். இப்போது ஆச்சி ஏன் முகப்புக்கு வருவதில்லை என்று புரிகிறதா? "வாங்க" என்று வாயெடுத்தால் 'வ' வருவதில்லை, காற்றுத்தான் வருகிறது. ஆயுசு முழுவதும் எத்தனையோ பேரை அழைத்த வாய்க்கு அந்த ஒரு சொல்லே வராமற் போனால் இரண்டாங்கட்டில் ஒதுங்காமல் என்ன செய்வது?

மரத்தில் ஒரு பல்செட்

இந்தக் கவலை நேற்று முளைத்தது அல்ல. ஜப்பானில் வாகயாமா என்ற ஊரில் 1538-ல் காலமான ஒரு பௌத்த சந்நியாசினியின் பல்செட் இன்றும் இருக்கிறது. முழுவதும் மரத்தில் செதுக்கியது! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. அவரும் மரப் பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானையின் தந்தமும் மனிதப் பற்களும் உலோகமும் சேர்ந்தவை அவருடைய செட்டுகள். 1815-ல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும், இறந்து கிடந்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிப் பல் கட்டுகிறவர்களிடம் விற்றார்கள். அந்த நாளில் சீமைப் பிரபுக்கள் யாருடைய பல்லைக் காட்டிச் சிரித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது!

பிறகு ரப்பர் வந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கும் வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல்செட்டுக்கு வந்ததும் விலை இறங்கியது. சாதாரண ஜனங்களும் பல் கட்டிக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்த உரிமையைக் கையில் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி, பணம் கட்டாத பல் வைத்தியர்கள் மீதெல்லாம் வழக்குப் போட்டது. பொறுக்க முடியாமல் போன ஒரு வைத்தியர் 1879-ல் ஸான் பிரான்சிஸ்கோ நகரில் அந்தக் கம்பெனியின் பொக்கிஷதாரைச் சுட்டே கொன்றுவிட்டார். பொய்ப் பல்லுக்காக ஓர் உண்மைக் கொலை!

1930-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வந்தது. ஈறு போலவே ரோஜா நிறம், எடை குறைவு, விலையும் குறைவு. இன்றைக்கு நம் ஊரில் கட்டுகிற பெரும்பாலான பல்செட்டுகள் அந்த அக்ரிலிக்தான்.

அச்சிலிருந்து வாய்க்கு

ஆச்சியைச் சமாதானப்படுத்தி ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போக எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. நல்ல வேளை, அந்த டாக்டர் அம்மாளுக்குப் பொறுமை அதிகம். பழைய செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதைக் குறை சொல்ல மாட்டேன். நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. உங்க வாய்தான் மாறிப் போச்சு" என்றார். பிறகு புதிய செட்டு எப்படித் தயாராகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் வாயை அளவெடுப்பார்கள். ஆரம்ப அளவுக்குப் பெரும்பாலும் அல்ஜினேட் என்ற மாவைத் தண்ணீரில் குழைத்து ஒரு தட்டில் வைத்து வாயில் அழுத்துவார்கள். இரண்டொரு நிமிஷத்தில் அது ஜெல்லி போல இறுகும். அல்ஜினேட் வேறொன்றுமில்லை, கடற்பாசியிலிருந்து எடுக்கிற சரக்கு. மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் முழுகிப் பறிக்கிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிறகு அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றினால் வாயின் பிரதி கிடைத்துவிடும். கண்ணாடியின் மேல் வார்த்த ஆத்தங்குடிக் கல்லில் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே இறங்குவது போல, ஈற்றின் மேடும் பள்ளமும் இந்தப் பிரதியில் அப்படியே இறங்கிவிடும்.

இந்தப் பிரதியை வைத்து இன்னும் நுட்பமாக ஓர் அளவு எடுப்பார்கள். அடுத்த தடவை, மெழுகுக் கட்டையை வாயில் வைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே சந்திக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் சந்திக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். உயரம் குறைந்தால் முகம் கிழடு தட்டும். கூடினால் உதடு மூடாது, பேசும்போது பல் டக்டக்கென்று இடிக்கும். பல்லின் நிறத்தைப் பொறுக்குவதும் அப்போதுதான். அதற்கடுத்து, மெழுகில் பற்களை நட்டு ஒத்திகை பார்ப்பார்கள். வாசகிகளே, இந்த ஒத்திகை நாளை வீணாக்காதீர்கள்! பல் நீளமா, முன்னால் தள்ளியிருக்கிறதா, சிரிப்பு பழைய சிரிப்புத்தானா என்றெல்லாம் சொல்ல வேண்டிய நாள் அது. மெழுகை மாற்றுவது சுலபம். அக்ரிலிக் ஆகிவிட்டால் கஷ்டம். பழைய கல்யாணப் போட்டோ ஒன்றை எடுத்துப் போனால் டாக்டருக்குப் பேருதவி. எங்கள் ஆச்சி தம் சாந்திக் கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் நாலைந்து தடவை போய் வர வேண்டும். இடையில் சில வாரங்கள் ஓடிவிடும். பல்லைப் பிடுங்கியவர்களாக இருந்தால் புண் ஆறி எலும்பு ஓரளவு நிலைக்கும் வரை இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வதும் உண்டு. பிடுங்கிய அன்றே மாட்டுகிற செட்டும் உண்டு. ஆனால் ஈறு வற்ற வற்ற அதை அடிக்கடி திருத்த வேண்டிவரும்.

பூட்டிய வீடும் பல் போன தாடையும்

சரி, நன்றாகப் பொருந்திய செட்டு ஏன் ஆடுகிறது?

முதலில் அது எப்படி ஒட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு அழுத்திப் பாருங்கள். பிரிப்பது எவ்வளவு சிரமம்! ஈற்றுக்கும் செட்டுக்கும் நடுவே உமிழ்நீர் மெல்லிய படலமாக நின்று அதே வேலையைச் செய்கிறது. மேல் செட்டு அண்ணம் முழுவதையும் மூடுவதால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கோ குதிரை லாடம் மாதிரி ஒடுங்கிய இடந்தான் உண்டு. போதாக்குறைக்கு நடுவில் நாக்கு வேறு நர்த்தனம் ஆடுகிறது. ஆகவே கீழ்ச் செட்டு கொஞ்சம் ஆடுவது அதன் பிறவிக் குணம். உமிழ்நீர் குறைந்தவர்களுக்கு இரண்டுமே சிரமம் கொடுக்கும். சர்க்கரை வியாதியும் சில மருந்துகளும் வாயை உலர்த்தும் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. செட்டிநாட்டில் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆள் இருக்கிற வரை அந்த வீடு அசைவதில்லை. பூட்டிப் போட்டால் ஓடு சரியும், சுவர் உதிரும். தாடை எலும்பும் அப்படித்தான். பல்லின் வேர் குடியிருந்து, மெல்லும்போதெல்லாம் வேலை கொடுக்கிற வரை எலும்பு நிமிர்ந்து நிற்கிறது. வேர் காலி செய்துவிட்டால் எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஆயுள் உள்ளவரை கரைந்துகொண்டே போகிறது. டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர் பல்செட் கட்டியவர்களை 25 ஆண்டு வரை தொடர்ந்து கவனித்து 1972-ல் முடிவை வெளியிட்டார். முன்புறத்தில் மேல்தாடையைப் போல நாலு மடங்கு கீழ்த்தாடை தேய்ந்திருந்தது. ஆச்சியின் கீழ்ச் செட்டு பந்தியில் விழுந்ததன் ரகசியம் அதுதான்.

செட்டு அப்படியே இருக்கிறது. அதன் அடியில் இருந்த நிலம் தாழ்ந்துவிட்டது. இதற்குப் பரிகாரம், ஆண்டுக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் காட்டுவதுதான். இடைவெளி விழுந்திருந்தால் உட்புறத்தில் புதிதாக ஒரு பூச்சுக் கொடுத்து மறுபடி பொருத்திவிடலாம். ஐந்து முதல் ஏழெட்டு ஆண்டுக்குள் புதுச் செட்டே தேவைப்படலாம். ஆச்சி ஏழு ஆண்டு சம்புடத்தில் பூட்டி வைத்திருந்தார். போதாததற்கு உலரவும் விட்டுவிட்டார். ஈரம் போனால் அக்ரிலிக் வடிவம் மாறும். பழையதைத் திருத்தி என்ன ஆகப் போகிறது? புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று.

முதல் மாதம் மாமியாரைப் போல

புதுச் செட்டு வந்த முதல் வாரம், வாய்க்குள் யாரோ குடித்தனம் வந்துவிட்டது போலத்தான் இருக்கும். எச்சில் ஊறும், குமட்டும், பேச்சு குழறும், அங்கங்கே கடுக்கும். புது மருமகளும் மாமியாரும் ஒருவருக்கொருவர் பழகுவதற்குச் சில வாரம் ஆகாதா? இதற்கும் ஆகும். நாக்கும் கன்னமும் செட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தாமாகவே கற்றுக்கொள்ளும்.

பேச்சுக்கு மருந்து, உரக்கப் படிப்பது. கம்பன் கழகம் பிறந்த ஊர் அல்லவா காரைக்குடி? ஆச்சி தினமும் காலையில் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து கம்பராமாயணத்தில் பத்துப் பாட்டுப் படித்தார். முதல் நாள் சொல் ஒன்றும் பாட்டில் நிற்கவில்லை. பத்தாம் நாள் அசோகவனத்துச் சீதை தெளிவாகவே பேசினாள்!

சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் சில நாள் இட்லி, குழைந்த சாதம், பருப்பு, கும்மாயம் மாதிரி மெல்லாமலே இறங்குகிறவை. பிறகு வெந்த காய்கறி, பொடியாக நறுக்கிய பழம், மெத்தென்ற பணியாரம். முன்பல்லால் கடித்து இழுக்காமல், சிறு துண்டாக்கி, இரண்டு பக்கமும் சமமாக வைத்து மெல்ல வேண்டும். ஒரு பக்கமாகவே மென்றால் மறுபக்கம் எழும்பும். சுடுகாபியில் ஜாக்கிரதை: அண்ணம் மூடியிருப்பதால் சூடு சட்டென்று தெரியாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முழுச் செட்டு கட்டியவர்களின் கடிக்கும் பலம், சொந்தப் பல்லின் பலத்தில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். சீப்புச் சீடையைக் கடிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அதை நொறுக்கித்தான் சாப்பிட வேண்டும். நொறுக்கினால் ருசி போய்விடுமா, என்ன?

ராத்திரி அதற்கும் தூக்கம்

ராத்திரி படுக்கப் போகுமுன் செட்டைக் கழற்றிவிட வேண்டும். பகலெல்லாம் அழுந்திக் கிடக்கிற ஈற்றுக்குக் காற்றும் ஓய்வும் வேண்டாமா? ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம், கழற்றிவிட்டுத் தூங்குகிறவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. செட்டில் படிகிற அழுக்கும் கிருமியும் தூக்கத்தில் சுவாசப் பைக்கு இறங்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கழுவுவதற்கு மெத்தென்ற பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போதும். பற்பசை வேண்டாம், பல்பொடியும் சாம்பலும் கூடவே கூடாது. அவை அக்ரிலிக்கைக் கீறும். கீறலில் அழுக்குக் குடியேறும். வெந்நீர் ஊற்றினால் செட்டு வளைந்துவிடும். கீழே ஒரு பேஸினில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவுங்கள். கை நழுவினாலும் தண்ணீரில்தான் விழும். ஆத்தங்குடித் தரையில் விழுந்து இரண்டாகாது. பிறகு மூடிய கிண்ணத்தில், குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். பஞ்சில் அல்ல! பல் இல்லாவிட்டாலும் ஈற்றையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள்.

கடுப்பு எடுத்தால் சிலர் உப்புத்தாளை எடுத்துத் தாங்களே தேய்த்துவிடுகிறார்கள். உடைந்தால் கடைப் பசையை வைத்து ஒட்டுகிறார்கள். இரண்டும் கூடாது. டாக்டரிடம் போவதற்குச் சில மணி நேரம் முன்னதாகச் செட்டை மாட்டிக்கொண்டு போங்கள். எங்கே அழுத்துகிறது என்பது அப்போதுதான் ஈற்றில் தெரியும்.

இன்னும் ஒன்று. வாயில் ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், 'செட்டு உரசிய புண்தானே' என்று இருந்துவிடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பது நிச்சயமான விஷயம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம். பல்லே இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகவுந்தான்.

வேறு வழி இல்லையா?

சில பற்கள் மட்டும் போனவர்களுக்குப் பகுதிச் செட்டு உண்டு. அக்ரிலிக்கிலும் செய்யலாம், கோபால்ட், குரோமியம் கலந்த மெல்லிய உலோகச் சட்டத்திலும் செய்யலாம். அந்த உலோகச் சட்டத்துக்குப் பளபளப்பு ஏற்றுவது மின்வேதியியல் முறையில். காரைக்குடிக்காரர்களுக்கு அது புதிய சொல் அல்ல. அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அவர்கள் ஊரில்தானே இருக்கிறது!

ஒன்று கவனியுங்கள்: மிச்சமிருக்கும் நல்ல பல்லோடு கம்பியையும் பிளாஸ்டிக்கையும் வைத்துக் கழற்ற முடியாதபடி அப்பிவிட்டு, 'ஒரே நாளில் பல்' என்கிறவர்களிடம் போகாதீர்கள். அதன் அடியில் அழுக்குச் சேர்ந்து, இருக்கிற பல்லும் போகும். சட்டப்படி பதிவு செய்துகொண்ட பல் டாக்டர்தானா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வசதியுள்ளவர்களுக்கு இன்னொரு வழி, தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதிப்பது. ஸ்வீடன் தேசத்து பிரோனமார்க் 1965-ல் முதன்முதலில் ஒரு மனிதருக்கு இதைச் செய்தார். கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு திருகு பதித்து, அதன் மேல் செட்டைச் சட்டைப் பித்தான் போல மாட்டிக்கொண்டால் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று 2002-ல் கனடாவின் மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். ஆனால் செலவு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையிலையை விட வேண்டும்.

வசதி குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னையில் 1953 முதல் அரசாங்கப் பல் வைத்தியக் கல்வி நடந்து வருகிறது. சிதம்பரத்தில் செட்டிநாட்டு ராஜா முத்தையா பெயரில் 1980-ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியும் பின்னாளில் அரசின் கீழ் வந்துவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில், புதுக்கோட்டையில் 2023-ல் ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பல்செட் கட்டுவதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. செலவும் வெளியில் ஆவதைவிடக் குறைவு. கேரளத்தில் ஏழை முதியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கொடுக்கும் திட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'மந்தஹாசம்'. புன்முறுவல் என்று பொருள். கர்நாடகமும் 'தந்த பாக்கிய' என்று ஒரு திட்டம் தொடங்கியது. பல்லைப் பாக்கியம் என்று சொன்னது எவ்வளவு பொருத்தம்!

ஆச்சியின் சங்கதிக்கு வருகிறேன். புதுச் செட்டு வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி காரைக்குடிக்குப் போனேன். இடையில் இரண்டு தடவை கடுப்பு எடுத்து டாக்டரிடம் போய் வந்தார்களாம். ஒரு தடவை, "இந்தச் சனியன் வேண்டாம்" என்று சம்புடத்தைத் தேடவும் தேடினாராம். நல்ல வேளையாகத் தோழியின் தாயார் அந்தச் சம்புடத்தில் கடுகு போட்டு வைத்துவிட்டார்! இன்னொரு காரியமும் அவர் செய்திருந்தார். ஆச்சிக்கென்று தனியாகக் குழையச் சமைக்காமல், எல்லாருக்கும் பொதுவாகவே இரண்டு மெத்தென்ற பதார்த்தம் வைக்கத் தொடங்கினார். ஆச்சி இப்போது எல்லாரோடும் பந்தியில் உட்காருகிறார். கடைசியில்தான் எழுந்திருக்கிறார், மெல்லுவதற்கு நேரம் ஆகிறதல்லவா? யாரும் அவசரப்படுத்துவதில்லை.

அன்று நான் வண்டியை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். முகப்பில் வெள்ளைப் புடைவை தெரிந்தது. முந்தானை தோளில்தான் இருந்தது.

"வாங்க ஆத்தா, வாங்க!"

'வ' கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது.